கரிசல் காட்டில் கருவியின் விலை: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வானொலி முதல் கைபேசி வரை

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் குண்டாற்றை ஒட்டியும் அதற்கு அப்பாலும் பரந்து கிடக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரங்கள், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய்களில் தேக்கியும், தேக்க வழியில்லாத மேட்டில் கரிசல் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தை நம்பியும் பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய் என்று மானாவாரியாக விளைவித்து வந்தவை. சேதுபதிகளின் ராமநாதபுரம் ஜமீனோடு நெடுங்காலம் பிணைந்திருந்து, 1910இல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காமராசர் மாவட்டம் என்ற பெயரில் தனியான இந்தப் பகுதியில், சம்சாரியின் (விவசாயியின்) கையில் பணம் புரள்வது தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்த பிறகுதான். அருப்புக்கோட்டை நகரத்தின் நெசவாளிக்கு வாரக்கூலி, நூற்பாலைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளமும் தீபாவளிப் போனசும். மழை பொய்த்த ஆண்டில் சம்சாரிக்கு அந்த வெள்ளாமைப் பணமும் இல்லை. 2018இல் நிதி ஆயோக் நாடு முழுவதிலும் பின்தங்கிய மாவட்டங்களைத் தெரிவு செய்தபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட இரண்டே மாவட்டங்கள் விருதுநகரும் ராமநாதபுரமும் ஆகும்.

இத்தகைய மண்ணுக்கு வானொலியும் தொலைக்காட்சியும் கணினியும் கைபேசியும் வந்து சேர்ந்த வரலாற்றைக் கடைவிலையை மட்டும் வைத்து எழுத முடியாது. கருவியின் கடைவிலை ஒவ்வொரு பத்தாண்டிலும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் அதற்குப் போட வேண்டிய தீனி, அதாவது மின்சாரமும் பேட்டரியும் அலைவரிசைக்கான கட்டணமும், அது பழுதானபோது திறந்து பார்க்க ஒரு கை கிடைக்குமா என்பதும்தான், யார் வீட்டில் அது நிலைத்தது, யார் வீட்டில் பரணுக்குப் போனது என்பதை முடிவு செய்தன. எண்பது ஆண்டுக் காலத்தில் இக்கருவிகள் ஊர்ப்பொதுவில் தொடங்கி, வீட்டுக்குள் வந்து, இப்போது ஒவ்வோர் ஆளின் சட்டைப்பைக்குள்ளும் சேர்ந்துவிட்டன. அந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் செலவின் சுமை இடம் மாறியதே தவிர ஒரேயடியாக இறங்கியதில்லை.

சென்னையில் 1924இல் மாகாண ரேடியோ கிளப் தொடங்கிய ஒலிபரப்பும், அது நின்ற பின் 1930 முதல் மாநகராட்சி நடத்திய ஒலிபரப்பும் நகர எல்லையைத் தாண்டி அதிக தூரம் போகும் வலுவற்றவை. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் 1939 மே 16இல் திருச்சி நிலையமும் தொடங்கப்பட்ட பிறகே தென் மாவட்டங்களில் தமிழ் ஒலிபரப்பைக் கேட்பது இயல்வதாயிற்று. 1963இல் திருநெல்வேலி நிலையம் வந்ததும் அது எளிதாயிற்று. அன்றைய பெட்டிகள் வால்வு ரேடியோக்கள். வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் இழையைச் சூடாக்கி மின்னணுக்களை ஓட விட்டு, ஏரியலில் சிக்கும் மெல்லிய அலையைக் காது கேட்கும் அளவுக்குப் பெருக்கும் உறுப்பு. இழை சூடாக வேண்டுமானால் மின்சாரம் விடாமல் வர வேண்டும். 1944இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம் தென்கோடி மாவட்டங்களுக்குப் பெரிய அளவில் மின்சாரம் தந்தது. அதுவும் நகரங்களையும் ஆலைகளையும் நோக்கியே சென்றது. 1957இல் மின்சார வாரியம் அமைந்து, காமராசர் ஆட்சிக் காலத்தில் கம்பிகள் கிராமங்களுக்கு நீண்டபோதும், கிணற்று மோட்டாருக்குக் கிடைத்த முன்னுரிமை குடிசைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மின்சாரம் எட்டாத ஊரில் வால்வு ரேடியோ வைப்பவர் ஈய அமில பேட்டரி ஒன்றை வைத்துக்கொண்டு, அது இறங்கும்போதெல்லாம் வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிச் சார்ஜ் போட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது.

இவற்றோடு லைசென்சும் சேர்ந்தது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் உரிமம் பெற்று ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். பிற்காலத்தில் இந்தக் கட்டணம் வானொலிக்கு ஆண்டுக்கு 15 ரூபாய், தொலைக்காட்சிக்கு 50 ரூபாய் என்று இருந்தது. விவசாயக் கூலிக்கு அந்தப் பதினைந்து ரூபாய் சில நாள் உழைப்பு. கருவியைச் சொந்தமாக வாங்கியவரும் அதைப் பயன்படுத்தும் உரிமைக்காக ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டும் இந்த ஏற்பாடு 1980களின் நடுப்பகுதியில் ஒழிக்கப்படும்வரை நீடித்தது. இதே ஏற்பாடு வேறு வடிவில் திரும்பி வந்தது பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கும்.

கடைவிலை, பேட்டரி, லைசென்ஸ் ஆகிய மூன்றையும் தாங்கும் குடும்பங்கள் ஊருக்கு ஒன்றிரண்டுதான் என்பதால், வானொலி முதலில் வந்தது பஞ்சாயத்து ரேடியோவாக. ஊராட்சி அலுவலகத்தில் பெட்டியும், வெளியே கம்பத்திலோ வேப்பமரக் கிளையிலோ கட்டிய குழாயும், மாலையில் செய்தி நேரத்துக்கும் பண்ணை நிகழ்ச்சிக்கும் மட்டும் அதைத் திருகி வைக்கும் ஓர் ஊழியருமாக அமைந்த இந்த ஏற்பாட்டில், கேட்பவர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. மின்னணுக் கருவியின் முழுச் செலவையும் பொதுப்பணம் ஏற்றுக்கொண்ட காலம் அது என்பதை, பின்னால் வந்த இலவசத் திட்டங்களைப் பேசுவோர் பலரும் மறந்துவிடுகின்றனர்.

பஞ்சாயத்து ரேடியோவைவிட இந்த வட்டாரத்து மின்னணு வரலாற்றில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று: தென் மாவட்டங்களில் ‘ரேடியோ செட்’ என்று வழங்கும் ஒலிபெருக்கி வாடகைத் தொழில். பெயர் ரேடியோ என்றாலும் அதில் இருந்தது இசைத்தட்டு சுழலும் மேசை, ஆம்ப்ளிபயர் என்னும் ஒலிபெருக்கும் பெட்டி, மைக், கார் பேட்டரி, இரண்டோ நான்கோ குழாய்கள், ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். சடங்கு, காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை, பங்குனிப் பொங்கல் என்று எதுவானாலும் முதல் நாள் மாலையே செட்டுக்காரர் மாட்டுவண்டியில் அல்லது சைக்கிளில் வந்து இறங்கி, ஊரிலேயே உயரமான பனையிலோ வேம்பிலோ குழாயை ஏற்றிக் கட்டி, பக்கத்து நான்கு ஊருக்கும் கேட்கும்படி முதல் பாட்டை வைப்பார். விசேஷ வீட்டுக்காரர் கொடுக்கும் வாடகையில் நான்கு ஊரும் கேட்டது. இந்தத் தொழிலில் இறங்கியவர் படிப்பால் பொறியாளர் அல்லர். ஆனால் எத்தனை குழாயை எத்தனை வாட் ஆம்ப்ளிபயரில் மாட்டினால் சுருள் கருகாமல் தாங்கும், ஈரக்காற்றில் மைக் ஏன் கரகரக்கிறது, பேட்டரியில் அமிலம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் அறிந்திருந்தார். கல்யாணங்கள் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவரே ஊர்க்காரர்களின் ரேடியோக்களைப் பழுது பார்த்தார். அருப்புக்கோட்டை போன்ற நகரங்களில் பிற்காலத்தில் தோன்றிய ரேடியோ, தொலைக்காட்சி பழுதுபார்ப்புக் கடைகளுக்கு வேர், தொழிற்பயிற்சி நிலையங்களைப் போலவே இந்தச் செட்டுக் கட்டும் தொழிலிலும் இருந்தது.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், வால்வு செய்த வேலையைச் சூடாகாமல், மிகச் சிறிய மின்சாரத்தில் செய்தது. 1954இல் அங்கே விற்பனைக்கு வந்த ரீஜென்சி என்னும் முதல் டிரான்சிஸ்டர் வானொலியின் விலை 49.95 டாலர்; இந்தியாவில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962இல் ஜெர்மேனியம் என்னும் தனிமத்தால் ஆன டிரான்சிஸ்டர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அறுபதுகளில் கடைகளில் வைக்கப்பட்ட பிலிப்ஸ், மர்பி, புஷ் பெட்டிகள் சில நூறு ரூபாய் விலை கொண்டவையாதலால் ஏழை வீட்டுக்கு இன்னமும் தொலைவில்தான் இருந்தன. ஆயினும் மின்கம்பத்தின் பிடியிலிருந்து வானொலி விடுபட்டதே பெரிய மாற்றம். கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவரும், மிளகாய்க் காட்டில் இரவுக் காவல் இருப்பவரும் அதைக் கூடவே கொண்டு போனார்கள். அருப்புக்கோட்டையின் நெசவுத் தெருக்களில் அது வந்து சேர்ந்த இடம் குழித்தறி. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து காலை முதல் மாலை வரை ஓடத்தைத் தட்டுபவருக்குக் கண்ணும் கையும் காலும் வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும்; அந்தக் காதுக்கு ஏற்ற கருவியாக டிரான்சிஸ்டர் அமைந்தது. பின்னர் விசைத்தறிகள் பெருகியபோது அவற்றின் ஓயாத இரைச்சலில் வானொலிக்கு இடமில்லாமல் போனது, அத்தொழிலின் மாற்றத்தைப் பற்றி எழுதுவோர் குறிக்கத் தவறிய ஓர் இழப்பு.

இப்பகுதியில் அதிகம் கேட்கப்பட்டது இலங்கை. 1950 செப்டம்பரில் வர்த்தக சேவையைத் தொடங்கிய இலங்கை வானொலி, திரைப்பாடல்களுக்கு அகில இந்திய வானொலி காட்டிய தயக்கத்தைக் காட்டவில்லை. குறுகிய கடலைத் தாண்டி அதன் அலை தென் மாவட்டங்களில் உள்ளூர் நிலையம்போலத் தெளிவாக விழுந்தது. மயில்வாகனன், அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் ஒருமுறைகூட நேரில் காணாதவர்களின் வீடுகளில் உறவுக்காரர் குரலைப் போலப் பழகின. கருவி வாங்குவதற்கான காரணத்தைத் தந்தது பெரும்பாலும் இந்த நிகழ்ச்சிகளே.

பேட்டரிச் செலவு எவ்வளவு பெரிய தொல்லையாக இருந்தது என்பதை அன்றைய ஒரு வழக்கமே காட்டும். வலுக்குறைந்த செல்களைக் கழற்றி, திண்ணையிலோ ஓட்டுக்கூரையிலோ வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்கள். சூடு ஏறும்போது உள்ளிருக்கும் வேதிப்பொருள்களின் வினை சற்று வேகம் பெறுவதால் இன்னும் சில மணி நேரம் பாட்டு வரும். இரண்டு மூன்று முறைக்கு மேல் அந்த வித்தை பலிக்காது. ஒலியைக் குறைத்து வைப்பதும், நிகழ்ச்சி முடிந்த நொடியில் திருகி நிறுத்துவதும் அந்தத் தலைமுறையின் கைப்பழக்கமாகவே ஆயின.

பழுதும் கையடக்கமாயிருந்தது. பழுதுபார்ப்புக் கடை மேசையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஒரு டப்பாவில் பழைய பெட்டிகளிலிருந்து பிடுங்கிய உறுப்புகள், வால்யூம் கண்ட்ரோலைத் துடைக்க ஒரு தூரிகை ஆகியவை இருக்கும். ஏசி 127, ஏசி 128 என்று எண்ணிட்ட டிரான்சிஸ்டர் இணை ஒலி வெளியேறும் பகுதியில் இருப்பது. அது போய்விட்டால் பெட்டி ஊமையாகும். மெக்கானிக் அந்த இணையின் கால்களில் மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்து, பழுதானதன் மூன்று கால்களையும் ஈயம் நீக்கிப் பிரித்து, புதிதை வைத்துப் பற்றவைத்தால் பெட்டி பேசும். உறுப்பின் விலை பெட்டியின் விலையில் மிகச் சிறிய பங்கு என்பதாலும், எல்லா நிறுவனப் பெட்டிகளின் உள்ளமைப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததாலும், ஒரே பெட்டி பதினைந்து இருபது ஆண்டுகள் உழைத்தது. ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தால், விலை அதிகமாகத் தெரிந்த அந்த ரேடியோ, பிற்கால மலிவுக் கருவிகள் பலவற்றையும்விடக் குறைந்த செலவில் உழைத்தது என்று துணிந்து சொல்லலாம்.

எழுபதுகளின் இறுதியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் ‘டூ இன் ஒன்’ பெட்டிகள் வானொலியோடு கேசட்டையும் சேர்த்தன. காகிதத்தில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கும் கடைகள் அருப்புக்கோட்டைக் கடைத்தெருவிலும் தோன்றின. கேட்பதைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை சாதாரண மனிதர்களுக்கு முதன்முதலாகக் கைவந்தது அங்கேதான்.

தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15இல் சென்னைக்கு வந்தபோதும், அதன் அலை இங்கே எட்டப் பல ஆண்டுகள் ஆயின. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும், தென் மாவட்டங்களில் வசதி படைத்தவர்கள் உயரமான இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் பூட்டித் தென்கிழக்கே திருப்பிவைத்தனர். காற்றும் வானிலையும் ஒத்துழைத்த இரவில் படம், மற்ற இரவுகளில் புள்ளிகள். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலை ஒளிபரப்பு வந்ததும் அதே ஆன்டெனாக்கள் வடமேற்கே திரும்பின. கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் சென்னையின் சாலிடேரும் டயனோராவும் தமிழ்நாட்டு வீடுகளில் பழகிய பெயர்கள். 1982 ஆசிய விளையாட்டுகளை ஒட்டி வந்த வண்ணத் தொலைக்காட்சியோ 8,000 ரூபாய்க்கு மேல் விலை கொண்டது. மாதம் சில நூறு ரூபாய் ஈட்டிய கைத்தறி நெசவாளிக்கு ஓராண்டு முழுதும் உண்ணாமல் உழைத்தாலும் அது கிடைக்காது. ஆகவே தொலைக்காட்சியும் முதலில் பொதுவிலேயே வந்தது. ஊராட்சிகள் கட்டிய தொலைக்காட்சி அறைகளில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க ஊரே திரண்டது. விசேஷ நாட்களில் வண்ணப் பெட்டியையும் ‘டெக்’ எனப்பட்ட வீடியோ இயந்திரத்தையும் வாடகைக்கு எடுத்து, தெருவில் வைத்து விடிய விடிய மூன்று படம் போடுவது ரேடியோ செட் தொழிலின் அடுத்த வடிவமாயிற்று. செட்டுக்காரர்கள் பலர் அதையும் நடத்தினர்.

தொண்ணூறுகளில் கேபிள் இணைப்பும் 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியும் பெட்டி வாங்கும் ஆசையை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சென்றன. தவணைக்குப் பொருள் கொடுக்கும் கடைகளும் வாரா வாரம் வந்து வசூலிக்கும் தவணைக்காரர்களும் பெருகியது இக்காலத்தில்தான். பின்னர் 2006 தேர்தல் வாக்குறுதியை ஒட்டி அவ்வாண்டு செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், அரசு நிறுவனமான எல்காட் வழியே மொத்தமாகக் கொள்முதல் செய்து, 14 அங்குலப் பெட்டிகளை மாநிலம் முழுதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கியது. அத்திட்டம் உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், தேர்தல் அறிக்கையில் அளிக்கும் இத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்ததும் அரசியல் வரலாறு. கருவியின் வரலாற்றில் முக்கியமானது வேறு: பெட்டியை அரசு கொடுத்தது, ஆனால் கேபிளுக்கு மாதாமாதம் கட்டியது குடும்பம். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய் என்று கட்டணத்தை இறக்கியது, தொடர்செலவுதான் உண்மையான விலை என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு நிகரானது.

கணினியும் வானொலி, தொலைக்காட்சியைப் போல முதலில் ஊர்ப்பொதுவில் வரும் என்றே அறிஞர்கள் எதிர்பார்த்தனர். 2001ஆம் ஆண்டையொட்டிப் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் வடிவமைத்த சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினிக்கு இலக்காக வைக்கப்பட்ட விலை ஏறக்குறைய 9,000 ரூபாய். அதையும் ஒரு சிற்றூர் பகிர்ந்து கொள்ளும்படி, ஒவ்வொருவரின் தகவலும் அவரவர் வைத்திருக்கும் சில்லு அட்டையில் இருக்க, கருவி கைமாறிக்கொண்டிருக்கும் என்று திட்டமிட்டனர். அதே 2001இல், அருப்புக்கோட்டைக்கு வடக்கே மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டத்தில், சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தின் வழியே கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சான்றிதழ் விண்ணப்பம், மின்னஞ்சல், அரவிந்த் மருத்துவமனைக்குக் கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை பெறுதல் என்று அவை பல சேவைகளை அளித்தன. அக்கறையோடு எண்ணிச் செய்த முயற்சிகள் இவை. எனினும் சிம்ப்யூட்டர் பெரிய அளவில் விற்கவில்லை. மேலூர் மையங்களில் பலவும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. கணினிக்காக வகுத்த பாதையில் முந்திக்கொண்டு போனது கைபேசி.

1995இல் இந்தியாவில் கைபேசிச் சேவை தொடங்கியபோது ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறக்குறைய 16 ரூபாய், வரும் அழைப்புக்கும் கட்டணம். 2003 மே முதல் வரும் அழைப்பு இலவசமானதும், அவ்வாண்டு வெளிவந்த நோக்கியா 1100 போன்ற எளிய கருவிகள் சந்தைக்கு வந்ததும் நிலையை மாற்றின. தூசி புகாத விசைப்பலகையும் தலையில் டார்ச் விளக்கும் கொண்ட அந்தக் கருவி, புழுதி பறக்கும், மின்வெட்டு மிகுந்த இந்த வட்டாரத்துக்கென்றே செய்யப்பட்டதுபோல இருந்தது. வாங்கியவர் பேசுவதைவிட ‘மிஸ்டு கால்’ கொடுப்பதே அதிகம். ஒரு மணி அடித்தால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு அடித்தால் கூப்பிடு என்று குடும்பங்கள் தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டு தொடர்செலவை ஏறத்தாழ இல்லாமலாக்கின. வெயிலில் செல் காயவைத்த தலைமுறையின் சிக்கனம் இங்கே வேறு உருவில் தொடர்ந்தது.

2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் சொந்தக் கணினியைத் தந்தது, முதலாண்டில் 9.12 லட்சம் கணினிகளுக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திருச்சுழி, நரிக்குடிப் பகுதிக் கிராமத்து வீடுகள் பலவற்றில் அதுவே முதல் கணினி. விண்டோசோடு, சிடாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயக்குதளமும் அதில் இருந்தது. திட்டம் தொடங்கிய அடுத்த ஆண்டு, சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவிய 2012. பேட்டரியில் ஓடும் மடிக்கணினி அந்தச் சூழலுக்குப் பொருந்தியது. ஆயினும் பேட்டரி தளர்ந்ததும், விசைப்பலகை தேய்ந்ததும், மாற்று உறுப்பு வாங்க மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோதான் சொல்லிவிட வேண்டியிருந்தது. பல கணினிகள் பயன்பாட்டில் தேய்ந்து ஓயவில்லை; சில நூறு ரூபாய் உறுப்புக்காக ஓய்ந்தன. கொடுத்த கையோடு பழுதுபார்ப்புக்கும் வட்டத் தலைநகரில் ஓர் ஏற்பாடு செய்யாதது அத்திட்டத்தின் பெருங்குறை.

2014இல் ஆண்ட்ராய்டு ஒன் வகைக் கைபேசி 6,399 ரூபாய்க்கு வந்தது. 2016 செப்டம்பர் 5இல் ஜியோ தொடங்கியதும் தரவுக் கட்டணம் சரிந்தது. அதற்குள் கைபேசிகளில் தமிழ் எழுத்து உடையாமல் தெரியவும் தொடங்கியிருந்ததால், வாட்ஸப்பும் யூடியூபும் எழுதப் படிக்கத் தயங்கியவர்களையும் ஈர்த்தன. பேராசிரியர்கள் கனவு கண்ட ஏழையின் கணினி இவ்வாறே வந்து சேர்ந்தது. பெருந்தொற்றின்போது அதன் போதாமையும் வெளிப்பட்டது: அப்பாவின் ஒரே கைபேசியில் மூன்று பிள்ளைகள் வகுப்புக் கேட்க முடியாத வீடுகளில், 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, பழைய இலவசப் பெட்டியைப் பள்ளிக்கூடமாக்கியது.

இன்றைய கைபேசியின் தொடர்செலவைக் கணக்கிட்டால் பழைய லைசென்ஸ் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூலையில் நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயாயிற்று. ஆண்டுக்கு 13 ரீசார்ஜ், ஆகமொத்தம் 3,887 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025–26இல் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அதாவது ஒரு கைபேசிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நாள் கூலி, வீட்டில் மூன்று கைபேசி என்றால் ஒரு மாதத்துக்கும் மேல். ஒழிக்கப்பட்ட ரேடியோ லைசென்சைவிட உழைப்புக் கணக்கில் இது பெரிது. அதற்கு ஈடாகக் கிடைப்பவையும் வானொலி தந்ததைவிடப் பன்மடங்கு என்பது உண்மையே. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் வானொலி லைசென்சை விட்டுவிட்டவர் பாட்டை மட்டும் இழந்தார், ரீசார்ஜை விட்டவர் ரேஷன் குறுஞ்செய்தியையும் வங்கி ஒருமுறைக் கடவுச்சொல்லையும் வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரியின் அழைப்பையும் சேர்த்து இழக்கிறார்.

கருவியைச் செய்யும் இடம் இப்போது தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலைக்குப் பின் பாக்ஸ்கானின் ஐபோன் தொகுப்பு வேலை வளர்ந்து, வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் இவ்வேலைக்குச் செல்கின்றனர். மானாவாரி நிலம் தர இயலாத மாதச் சம்பளத்தை அவர்கள் ஊருக்கு அனுப்புகின்றனர்.

2025இன் பிற்பகுதியிலிருந்து, கடைவிலை இறங்கிக்கொண்டே போகும் என்ற பழைய எதிர்பார்ப்பும் ஆட்டம் கண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை, அதாவது கணினி ஒரு வேலையைச் செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் உறுப்புகளை, பெருமளவில் வாங்கிக் குவிப்பதால் அவற்றின் விலை கடுமையாக ஏறியது. அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு நேரடியாக விற்றுவந்த குரூசியல் நினைவக வணிகத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதே 2025இன் மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்திருந்தது. இந்த நிலையில் ஒரு கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது, அதன் நினைவகம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற சிறு விவரம். பத்தாண்டுக்கு முந்தைய மடிக்கணினிகள் பலவற்றில் அடிமூடியைக் கழற்றினால் நினைவகம் ஒரு பள்ளத்தில் செருகியிருக்கும். இரண்டு கொக்கிகளை விலக்கி எடுத்துவிட்டு, பெரிய கொள்ளளவுள்ள பட்டையைச் செருகி, சுழலும் தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி என்னும் சில்லு வட்டைப் பூட்டினால், 2013ஆம் ஆண்டுக் கணினி இன்றும் ஒரு மாணவரின் வேலைக்குப் போதும். கைபேசியிலும் கைக்கணினியிலும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றிலும் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அருப்புக்கோட்டைக் கைபேசி மெக்கானிக் ‘காம்போ’ எனப்படும் திரையையும் தொடுபரப்பையும் சேர்த்து மாற்றுவார், சார்ஜிங் பின்னை வெப்பக் காற்றால் உருக்கிப் பிரித்து வைப்பார், மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றுவார். பற்றவைத்த நினைவகத்தைக் கூட்ட அவரால் இயலாது. பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022இல் குழு அமைத்து இணையவாசலும் திறந்தது. இப்படி லட்சக்கணக்கில் கருவிகளை மொத்தமாக வாங்கும் அரசு, நினைவகமும் பேட்டரியும் கழற்றி மாற்றத்தக்கவையாக இருக்க வேண்டும், உறுப்புகள் வட்டத் தலைநகரங்களில் கிடைக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளைக் கொள்முதலில் எழுதினால், திருச்சுழிக்குப் போகும் கருவி நான்கு ஆண்டுக்கு உழைக்குமா, பத்து ஆண்டுக்கு உழைக்குமா என்பது அந்த ஆவணத்திலேயே முடிவாகிவிடும்.